மரத்தூள் போட்ட காணி

போன மாதம் எங்கள் பழைய மண் ஆய்வுகூடத்திலிருந்து இரண்டு உதவியாளர்கள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த சிங்களப் பிள்ளைகள். அங்கே இப்போது இயந்திரம் ஒன்று வந்திருக்கிறதாம். துளியளவு மண்ணைப் பொட்டலம் கட்டி உள்ளே போட்டால் சில நிமிடங்களில் காபன் இவ்வளவு, நைதரசன் இவ்வளவு என்று திரையில் காட்டிவிடுமாம். நல்ல விசயம். முப்பது வருடமாக அமிலப் புகையைக் குடித்தவள் நான். அந்தப் புகை இல்லாமலே வேலை நடக்கிறது என்று கேட்டுப் பொறாமைப்படாமல் இருக்க நான் என்ன கோயில் பீடத்தில் நிற்கிற அர்ச்சிஷ்டவளா?

இயந்திரத்துக்கு இடம் எடுப்பதற்காகப் பழைய அலுமாரி ஒன்றை வெறுமையாக்கினார்களாம். உள்ளே கொஞ்சம் ஊறுகாய்ப் போத்தல்கள் இருந்தனவாம், ஒவ்வொன்றின் மூடியிலும் ஒரு நூல் கட்டியபடி. இது என்ன மிஸ், செய்வினையா என்று கேட்டார்கள். மண்ணின் மூச்சை அளந்த போத்தல்கள் என்றேன். செய்முறையைச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். போகும்போது ஒருத்தி, இத்தனை வருடத்தில் மறக்க முடியாத மண் எது என்று கேட்டாள். மண்ணைக் கழுவிக்கொண்டு வந்த ஒரு மனிதரின் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்து அனுப்பிவிட்டேன். உண்மையில் மறக்க முடியாதது அதுவல்ல. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் புத்தளம் கரையோரக் கண்டக்குழியில் கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். அரசாங்கத்தில் ஆய்வுகூட உதவியாளர் வேலை கிடைத்தபோது, கடலில் அள்ளினால் மீன் வரும், மண்ணில் அள்ளி இவள் எதைக் கொண்டுவரப் போகிறாள் என்று என் அண்ணன் கேட்டான். மலைநாட்டில் ஒரு வருடப் பயிற்சி. கண்ணாடி கழுவவும், தராசின் முன்னால் மூச்சை அடக்கவும், சிங்களம் கதைக்கவும் அங்கேதான் பழகினேன். அதன்பிறகு நாலைந்து இடங்கள். யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த பிறகு புத்தளம் மாவட்டத்துக்கு மாற்றம் கேட்டு வந்தேன். இனி நான் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை.

எங்கள் பொறுப்பதிகாரியை எல்லோரும் சேர் என்போம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். சிங்களவர். தமிழ் விளங்கும், கதைக்க வராது. எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தானும் பூட்டியிருக்கும். காலையில் வந்ததும் குட்மோர்னிங் சொல்ல மாட்டார். வெறுஞ்சோதனை எவ்வளவு என்றுதான் கேட்பார். வெறுஞ்சோதனை என்பது மண் இல்லாமல் செய்கிற சோதனை. மண் போட்ட குடுவைக்கு என்னென்ன ஊற்றுகிறோமோ அத்தனையையும் வெறும் குடுவைக்கும் ஊற்றி, அதே நேரம் வைத்து, அதே மாதிரி அளக்க வேண்டும். அந்த எண்ணைக் கழித்தால்தான் மண்ணுடையது எவ்வளவு, எங்கள் கைப்பிழை எவ்வளவு என்று தெரியும். வெறுஞ்சோதனை சரியில்லை என்றால் அன்றைய வேலை முழுவதையும் தொட்டியில் ஊற்றச் சொல்வார். ஏச மாட்டார், குரலை உயர்த்தவும் மாட்டார். கடும் கோபம் வந்தால் சட்டைக் கையை ஒரு மடிப்பு மடித்துவிட்டு, தானே போய்க் குடுவைகளைக் கழுவத் தொடங்குவார். சேர் கழுவுகிறார் என்று யாராவது சொன்னால் முழுக் கட்டடமும் அடங்கிவிடும்.

காபன் அளப்பது சின்ன வேலைதான், ஆனால் கவனம் பிசகக் கூடாது. ஒரு கிராம் மண், அதன்மேல் செம்மஞ்சள் நிறக் கரைசல், அதன்மேல் செறிந்த சல்பூரிக்கமிலம். குடுவை கொதித்துக் கையைச் சுடும். அரை மணித்தியாலம் தொடாமல் வைத்து, ஆறிய பிறகு அளவிக் குழாயிலிருந்து துளி துளியாக மற்றக் கரைசலை விட வேண்டும். கலங்கின நீலமாக இருக்கும் குடுவை ஒரே ஒரு துளியில் பச்சையாக மாறும். அந்தத் துளிக்கு அடுத்த துளி விழுந்துவிட்டால் எண் பிழை. அந்தப் பச்சைக்காகக் கண் இமைக்காமல் நின்று நின்றே என் கண்ணாடியின் இலக்கம் கூடியது.

சேரிடம் இன்னொரு சட்டம் இருந்தது. கவுண்டரில் இருப்பவர் மண்ணை வாங்கலாம், இலக்கம் போடலாம், முடிவுத் துண்டைக் கொடுக்கலாம். ஆலோசனை சொல்லக் கூடாது. அது விவசாயப் போதனாசிரியரின் வேலை. என்னோடு கவுண்டரில் இன்னொருவர் இருந்தார். தமிழ் கதைப்பவர், நல்ல மனிதர், வாய் மட்டும் நிற்காது. யாரோ ஒரு விவசாயியிடம், யூரியாவைப் பாதியாக்கினாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டார். ஆகிவிட்டது. முறைப்பாடு போனது, ஒரு மாதத்துக்குள் அவரை மலைநாட்டுக்கு மாற்றினார்கள். அவருடைய இடத்துக்கு வந்த பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. ஆகவே தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்ல அங்கே மிஞ்சியது நான்தான்.

மண்ணைக் கழுவியவர் பள்ளிவாசல்துறைக்காரர். கடலுக்குப் போகாத நாட்களில் வீட்டுக்குப் பின்னால் வெங்காயம் போடுவார். அவர் கொண்டுவந்த மண் வெள்ளை வெளேரென்று மினுங்கியது. ஒரு கரும்பொட்டுக்கூட இல்லை. சோதித்தால் நைதரசனும் இல்லை, உப்பும் இல்லை, ஒன்றுமே இல்லை. மூன்றாம் தரமும் அப்படியே வர, ஆளைக் கூப்பிட்டுக் கேட்டோம். அரசாங்கக் கந்தோருக்குக் கொடுக்கிற சாமானை ஊத்தையோடு கொடுப்பதா என்று, மீன் அலசுகிற மாதிரி மூன்று தண்ணீரில் அலசிக் காயவைத்துக் கொண்டுவந்திருக்கிறார். நானும் மீன் அலசுகிற வீட்டுக்காரிதானே, எனக்கு உடனே விளங்கிவிட்டது. சேர் அன்றைக்குத்தான் பல் தெரியச் சிரித்தார்.

அந்த மனிதர் மூன்று தண்ணீரில் செய்ததை இந்தக் கரையோர மணல் ஒவ்வொரு நாளும் தானாகவே செய்கிறது. காலையும் மாலையும் கிணற்றுத் தண்ணீரைத் தெளித்தால்தான் பயிர் நிற்கும். தெளிக்கிற தண்ணீர் யூரியாவையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி அதே கிணற்றுக்குள் போகும். மண்ணில் காபன் இருந்தால் கொஞ்சமாவது பிடித்துவைக்கும். ஆனால் இந்த வெயிலில் காபன் தங்காது. குளிர் நாட்டில் வருடக்கணக்கில் கிடக்கிற சருகை இங்கே நுண்ணங்கிகள் ஒரு மழைக்குள் தின்று முடித்து மூச்சாக வெளியே விட்டுவிடும். எங்கள் முடிவுத் துண்டுகளில் பத்துக்கு ஒன்பதில் ஒரே வசனம்தான் இருக்கும்: சேதனக் காபன் மிகக் குறைவு, சேதனப் பசளை இடுக.

இயற்கை உரம் போடச் சொல்லும் அந்த வசனத்தை ஒருவரும் கணக்கெடுத்ததில்லை. மூட்டை யூரியா கிடைக்கும்வரை யார் கணக்கெடுப்பார்கள்? பிறகு அரசாங்கம் இரசாயன உரத்தை நிறுத்திய காலம் வந்தது. கவுண்டரில் வரிசை வாசலைத் தாண்டியது. கோழிப்பசளை வைத்திருந்தவன் ராசாவானான். கூட்டெரு, ஆட்டுப் புழுக்கை, தும்புத்தூள் எல்லாவற்றையும் ஆட்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வரிசையில் ஒருநாள் பௌசியா வந்து நின்றார்.

பௌசியாவை எனக்கு முதலே தெரியும். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் துரத்தப்பட்டபோது தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை. இப்போது நாற்பது தாண்டிய பெண். கணவர் மௌத்தாகிவிட்டார், இரண்டு பெண் பிள்ளைகள். குடியிருக்க அகதி முகாம் காணியில் ஒரு துண்டு உண்டு, பயிர் செய்ய நிலம் இல்லை. கனமூலையில் ஒரு ஹாஜியார் தன்னுடைய மணற்காணி ஒன்றை அவருக்கு வாய்ப்பேச்சில் கொடுத்திருந்தார். இரண்டு போகம் செய்து காட்ட வேண்டும். இரண்டும் சரிவந்தால் ஐந்து வருடத்துக்கு எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். முதல் போகத்து வெங்காயம் குறைவில்லாமல் வந்தது. இரண்டாவது கொச்சிக்காய், அதாவது மிளகாய். ஐந்து வருடம் கையில் நிலம் என்பது முகாமிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குச் சின்ன விசயம் அல்ல. அந்தப் போகத்தில்தான் அவருக்கு எல்லாமே தங்கியிருந்தது.

முடிவுத் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, சேதனப் பசளை எண்டா எது மிஸ் என்று கேட்டார். அவருக்குப் பின்னால் ஐம்பது பேர் நிற்கிறார்கள். எனக்குக் காலையிலிருந்து தேத்தண்ணீர்கூட இல்லை. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன்:

“மரஞ்செடியில இருந்து வந்தது எதுவும் சரி.”

இவ்வளவுதான். மக்கட்டும், உக்கவைத்துப் போடுங்கள் என்று இன்னும் இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். அல்லது சட்டப்படி, போதனாசிரியரைக் கேளுங்கள் என்று அனுப்பியிருக்கலாம். இரண்டையும் நான் செய்யவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் இன்னொருத்தியைக் கெடுத்தேன்.

மதுரங்குளிப் பக்கத்தில் மரம் அறுக்கும் மரக்காலை ஒன்றில் மரத்தூள் மலை மாதிரிக் கிடந்தது. அள்ளிப் போனால் போதும் என்று மரக்காலைக்காரர் சும்மாவே கொடுத்தார். பௌசியா உழவு இயந்திரப் பெட்டியில் தடவை தடவையாக ஏற்றிக் காணி முழுவதும் கொட்டி, மண்வெட்டியால் கொத்திக் கலந்து, மேலே கொச்சி நாற்றை நட்டார். காணியின் ஒரு ஓரத்துக்கு மட்டும் தூள் போதவில்லை, அதை அப்படியே விட்டார். முதல் இரண்டு கிழமையும் சந்தோசம். மரத்தூள் தண்ணீரைப் பிடித்துவைத்ததால் மோட்டர் பாதி நேரம் ஓடினாலே போதுமாக இருந்ததாம். இந்த மணலில் பயிர் செய்பவர்கள் தண்ணீரைப் பிடிக்கிற எதையும் நல்லது என்றுதான் நினைப்பார்கள். அதில் பிழை சொல்லவும் முடியாது, தண்ணீர்தானே அவர்களுடைய பாதி உழைப்பு.

அடுத்த மாதம் அவர் மறுபடி வந்தபோது கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய மூன்று கொச்சிக் கன்றுகள் இருந்தன. வேரோடு பிடுங்கியவை. சாண் உயரத்தில் நின்றுபோயிருந்தன. அடியிலைகள் மஞ்சளாகி வெளுத்திருந்தன, நுனி மட்டும் பச்சை. இலையைப் புரட்டிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. கீழிருந்து மேலாக மஞ்சளாவது நைதரசன் இல்லாத பசி. என்ன போட்டீங்க என்று கேட்டேன். சேதனம் போட்டேன் மிஸ், குறைவைக்காமல் மரத்தூள் போட்டேன் என்றார். நான் சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மறந்துபோயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சேர் கன்றுகளைப் பார்த்துவிட்டு, மண்ணை உயிரோடு கொண்டுவரச் சொன்னார். அதாவது காயவைக்காமல், வெயில் படாமல். அண்ணன் மீன் வைக்கிற, சூடு புகாத ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் கட்டி வைத்துக் காணிக்கு எடுத்துப் போனேன். மரத்தூள் கலந்த பாத்திகளிலிருந்தும், தூள் போடாத அந்த ஓரத்திலிருந்தும் தனித்தனியாக மண் எடுத்தேன். ஊறுகாய்ப் போத்தல்களில் ஈரமண்ணைப் போட்டு, சின்னக் குப்பியில் காரக் கரைசல் எடுத்து, அது மண்ணில் படாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டு, மூடியைச் சுற்றிக் கிறீஸ் பூசி இறுக்கினேன். மண் இல்லாத வெறும் போத்தலும் ஒன்று, வெறுஞ்சோதனைக்கு. ஒரு கிழமை அலுமாரிக்குள் இருட்டில் இருக்க வேண்டும். மண்ணில் இருக்கிற நுண்ணங்கிகள் விடும் மூச்சைக் காரம் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தக் காரத்துக்கு ஒரு துளி நிறங்காட்டி விட்டால் ரோசா நிறமாகும். அந்த ரோசா நிறம் போகும்வரை அமிலம் விட வேண்டும். மண் எவ்வளவு கூட மூச்சு விட்டதோ அவ்வளவு குறைவாக அமிலம் செலவாகும்.

தூள் போடாத ஓரத்து மண்ணுக்கு, கிட்டத்தட்ட வெறும் போத்தலுக்குச் செலவான அளவு அமிலம் செலவானது. செத்த மணல். பௌசியாவின் பாத்தி மண்ணுக்கு நான் அளவியைத் திறந்து மூடுவதற்குள் ரோசா நிறம் போய்விட்டது. பிழை விட்டேன் என்று நினைத்து இரண்டாவது போத்தலைச் செய்தேன். அதுவும் அப்படியே. இந்தக் கரையில் அவ்வளவு உயிருள்ள மண்ணை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதே மண்ணில் வேர் குடிக்கிற நைதரசனை, அதாவது நைத்திரேற்றைப் பார்த்தால், மஞ்சள் நிறம் வரவேண்டிய குழாய் தண்ணீர் மாதிரி நின்றது.

விசயம் இதுதான். மரத்தூள் முழுக்கக் காபன், நைதரசன் பெயருக்குத்தான். அவ்வளவு தீனியைக் கண்டதும் நுண்ணங்கிகள் பெருகும். பெருகுகிற உடம்புக்கு நைதரசன் வேண்டும். தூளில் இல்லையென்றால் மண்ணில் இருப்பதை எடுக்கும். பந்திக்கு முந்துவதில் வேர் அவற்றோடு போட்டி போட முடியாது. ஒருபிடி யூரியா இருந்திருந்தால் ஒரு கிழமையில் கன்றுகள் எழும்பியிருக்கும். அந்தப் போகத்தில் யூரியா தங்கத்தைவிட அருமை. கோழிப்பசளையும் முடிந்துபோயிருந்தது. நான் கண்டக்குழியிலிருந்து இரண்டு பீப்பா மீன் கழிவு ஏற்றிக்கொண்டு போய், ஊறவைத்துக் கரைத்து ஊற்றப் பார்த்தேன். காலம் பிந்திவிட்டது. பூக்கள் கொட்டிவிட்டன. ஊர் நாய்களெல்லாம் வந்து பாத்திகளைக் கிண்டியதுதான் மிச்சம்.

காணிச் சொந்தக்காரர் அறிக்கை கேட்டிருந்தார். சேர் எழுதுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணுக்கு எங்கள் கவுண்டரில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். எனக்கு ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது. மலைநாட்டுக்குப் போனவரின் முகம் கண்ணுக்கு முன் வந்தது. இல்லை சேர் என்றேன். அவர் சட்டைக் கையை ஒரு மடிப்பு மடித்துவிட்டுக் குடுவை கழுவப் போனார். அன்று பின்னேரம் அறிக்கை வந்தது. உக்காத பொருளை விவசாயி தன் எண்ணப்படி இட்டுள்ளார் என்று அதில் ஒரு வசனம். அதைத் தமிழில் பெயர்த்தவள் நான். தட்டச்சு செய்தவளும் நான்.

கொண்டுபோய் விளங்கப்படுத்தச் சொல்லி என்னைத்தான் கனமூலைக்கு அனுப்பினார். வேண்டுமென்றே அனுப்பினாரா என்று இன்றுவரை தெரியாது. ஹாஜியார் விறாந்தையில் கதிரை போட்டு, தேத்தண்ணீரும் வட்டிலப்பமும் வைத்தார். பௌசியா கதவோரம் ஒரு முக்காலியில் இருந்தார். நான் மூச்சுப் போத்தல்களைப் பற்றியும் நுண்ணங்கிகளைப் பற்றியும் சொன்னேன். ஹாஜியார் படிப்பு அதிகமில்லாதவர், ஆனால் கெட்டிக்காரர். ஒரு சஹன் சோற்றுத் தட்டைச் சுற்றி ஆறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் அறுபது பேரைக் கூப்பிட்டுவிட்டோம், வீட்டுக்காரனுக்குச் சோறு இல்லை, அப்படித்தானே என்றார். அதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது. தின்றவை செத்தால் தின்றது மண்ணுக்குத் திரும்பி வருமா என்றும் கேட்டார். வரும், அடுத்த போகத்தில் அல்லது அதற்கடுத்ததில் கொஞ்சம் கொஞ்சமாக விடும் என்றேன். அவர் முகம் இளகியது. அறிக்கையை மறுபடி எடுத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, அந்த வசனத்தில் விரலை வைத்தார்.

“இங்க பாருங்க புள்ள,” என்று பௌசியாவைப் பார்த்துச் சொன்னார். “ஆபீஸ்ல யாராச்சும் சொல்லிப் போட்டிருந்தா உங்கள்ல குத்தமில்ல. இன்னொரு போகம் பாப்பம். ஆனா என்ட காணியில என்னட்டயும் கேக்காம, சொந்தப் புத்தியில கண்டதக் கொட்டினா, நான் எப்பிடி அஞ்சு வருசத்துக்கு நம்பித் தாற? சொல்லுங்க, யாரும் சொன்னாங்களா?”

பௌசியா என்னைப் பார்க்கவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“இல்ல ஹாஜியார். நானாத்தான் போட்டேன்.”

ஹாஜியார் இரண்டாம் தரமும் கேட்டார். அவர் அதையேதான் சொன்னார். தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, முப்பது வருடம் உண்மையான எண்ணுக்காகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள், ஒரு வசனம் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் பேசவில்லை. மறந்துதான் போனார் என்று பஸ்ஸில் வரும்போதும் சொல்லிக்கொண்டேன். அந்தப் பொய்யை நானே நம்பவில்லை.

காணி வேறொருவருக்குப் போனது. அவருக்கும் உரம் கிடைக்கவில்லை, ஆனால் அவருக்குத் தேவைப்படவில்லை. அடுத்த போகம் அந்த மண் பௌசியாவிடமிருந்து எடுத்ததையெல்லாம் அவருக்குக் கொடுக்கத் தொடங்கியது. நான் ஓய்வு பெறுவதற்குச் சில நாட்களுக்கு முன் ஒரு மண் வந்தது. வழக்கம்போல இலக்கம் மட்டும்தான், பெயர் இல்லை. தராசுத் தட்டில் இட்டபோது பழுப்பாக உக்கிய மரத்தூள் இழைகளைக் கண்டேன். காபன் ஏறியிருந்தது. நைத்திரேற்றுக் குழாய் நல்ல மஞ்சள். வெறுஞ்சோதனை சரியாக இருந்தது. நான் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஓய்வு பெற்று மூன்று மாதம் கழித்து, யாரும் கேட்காமலே கனமூலைக்குப் போனேன். கொச்சிச் செடிகள் இடுப்பளவுக்குக் கரும்பச்சையாக நின்றன. நாலைந்து பெண்கள் நாட்கூலிக்குப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி பௌசியா. இடுப்பில் சாக்கைக் கட்டியிருந்தார். தன் கையால் கொத்திக் கலந்த பாத்தியில் வேறொருவருக்காகப் பறித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சுகமா மிஸ் என்று கேட்டுவிட்டுக் குனிந்தார். கை நிற்கவில்லை.

மற்றப் பெண்களுக்கும் கேட்கட்டும் என்றே உரத்துச் சொன்னேன். மரஞ்செடியிலிருந்து வந்தது எதுவும் சரி என்று அன்றைக்குச் சொன்னது நான்தான், பிழை என்னுடையது, அறிக்கையில் பொய்யை அச்சடித்தவளும் நான்தான் என்றேன்.

“தெரியும் மிஸ்,” என்றார். “அது மறக்கிற கதையா?”

ஹாஜியாரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா உங்களையும் மலைக்கு மாத்தியிருப்பாங்க. அந்தக் கவுண்டர்ல தமிழ்ல கதைக்க நீங்க ஒராள்தானே இருந்தீங்க. மத்தவங்கட்ட மண்ணக் குடுத்திட்டு ஊமையாட்டம் நிக்கணும். நம்மட முகாம் ஆக்கள் எத்தின பேர் வாறது அங்க. காணி எனக்கு ஒராளுக்குத்தானே எண்டு நினைச்சேன்.”

செடியின் மறுபக்கத்துக்குப் போய் இரண்டு கொப்பை விலக்கிப் பழங்களைப் பறித்துச் சாக்கில் போட்டார். பிறகு நிமிர்ந்து, சாதாரணமாகத்தான் கேட்டார்.

“இப்ப உங்கட இடத்துக்குத் தமிழ் கதைக்கிற யாரு மிஸ் வந்திருக்காங்க?”

யாரையும் போடவில்லை என்று சொன்னேன்.

அவர் சாக்கின் முடிச்சை இறுக்கிக்கொண்டே, கோபமில்லாமல் சொன்னார்.

“அப்ப என்ட காணி போனது அந்தக் கவுண்டர்ல ஒரு வருசத் தமிழுக்குத்தான் மிஸ்.”

ஓம் என்றேன்.